சமையலறை நாற்றத்தின் வேரைத் தேடி

காலையில் எழுந்து சமையலறைக் கதவைத் திறக்கிறோம். முந்தைய இரவே அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, தரையையும் துடைத்துவிட்டுத்தான் படுத்தோம். ஆனாலும் குப்பென்று ஒரு வாடை முகத்தில் அடிக்கிறது. ஓதம் ஏறிய சுவரின் வாடையா, நனைந்து கிடந்த துணியின் வாடையா, சாக்கடையின் வாடையா என்று சட்டெனச் சொல்ல முடிவதில்லை. உடனே என்ன செய்கிறோம்? ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைக்கிறோம்; அல்லது தொட்டியில் பினாயிலை ஊற்றுகிறோம். ஒரு மணி நேரம் வாடை அடங்குகிறது. மறுநாள் காலையில் அது மீண்டும் வந்துவிடுகிறது.

இந்தச் சிறு தொல்லைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. நாடாளுமன்றத்தையே திணற வைத்த நாற்றமும், ஓர் இளவரசரின் காய்ச்சலும், சாக்கடைக் காற்றைச் சோதித்த விஞ்ஞானிகளும் அதில் இடம் பெறுகின்றனர். நாற்றத்தை மறைப்பது வேறு, அதன் வேரைக் கண்டு களைவது வேறு என்பதை மனிதன் மெல்ல மெல்ல, பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட கதை இது.

நாற்றமே நோயா?

நுண்ணுயிர்களைப் பற்றி அறியாத காலத்தில், அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்களை உண்டாக்குகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். அந்தக் காற்றுக்கு 'மியாஸ்மா' என்று பெயர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள்.

இந்தக் கொள்கையில் உறுதியாக நின்றவர்களுள் ஒருவர் எட்வின் சாட்விக். இங்கிலாந்துத் தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றி 1842ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட அறிக்கை உலகப் புகழ் பெற்றது. கடும் நாற்றம் என்பதே நோய்தான் என்ற பொருள்பட, 1846ஆம் ஆண்டில் ஒரு நாடாளுமன்றக் குழுவின் முன் இவர் சாட்சியம் அளித்தார்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வீடுகளின் அடியில் இருந்த மலக்குழிகளை மூடி, கழிவையெல்லாம் நீரால் அடித்துச் சாக்கடை வழியே வெளியேற்ற வேண்டும். லண்டனில் அப்படியே செய்தார்கள். வீடுகளில் நாற்றம் குறைந்தது. ஆனால் அந்தக் கழிவு முழுவதும் தேம்ஸ் நதியில் போய் விழுந்தது. அந்த நதியிலிருந்துதான் நகரின் பல பகுதிகள் குடிநீர் எடுத்துக்கொண்டிருந்தன! 1848-49இல் பரவிய காலரா, லண்டனில் மட்டும் 14,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

காலரா பரவுவது காற்றால் அன்று, நீரால்தான் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வாதிட்டார். 1854ஆம் ஆண்டு பிராட் தெருவின் குடிநீர்ப் பம்பைச் சுற்றி நிகழ்ந்த சாவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். அன்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாததாயிற்று. நதிக்கரையில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச் சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாம் ஊதுபத்தி கொளுத்துவதும் அதுவும் ஒன்றுதான் அல்லவா? திரைச்சீலை தோற்றது. அதே ஆண்டில் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறியது. ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் பெரும் சாக்கடைகளைக் கட்டத் தொடங்கினார். கழிவு நீர் நகருக்குக் கீழ்ப்புறம் கொண்டு செல்லப்பட்டது. 1865ஆம் ஆண்டில் இளவரசர் எட்வர்டு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

நாற்றத்துக்கு அஞ்சிக் கட்டிய சாக்கடை, குடிநீரைக் காத்துக் காலராவை விரட்டியது. தவறான கொள்கை ஒரு முறை பேரழிவைத் தந்தது. மறு முறை நன்மையைத் தந்தது. வேறுபாடு எங்கே இருந்தது? முதல் முறை கழிவை மூக்குக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தினார்கள். இரண்டாம் முறை அது போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள்.

கடிகாரக்காரரின் வளைகுழாய்

சாக்கடைகள் வந்ததும் ஒரு புதிய சிக்கல் பிறந்தது. இதுவரை தனித்தனியாக இருந்த வீடுகள் இப்போது ஒரே குழாய்த் தொடரால் இணைந்துவிட்டன. நீர் கீழே போகும் வழியிலேயே காற்று மேலே வரலாம். சமையலறைத் தொட்டியின் துளை, தெருச் சாக்கடைக்கு ஒரு சாளரம் ஆகிவிட்டது.

இதற்கான தடுப்பு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. லண்டனில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கடிகாரத் தொழிலாளி. 1775ஆம் ஆண்டில் கழிப்பறைக் கலம் ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதன் கீழ்க்குழாயை 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தைப் போல வளைத்திருந்தார். ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சிறிதளவு நீர் அந்த வளைவில் தங்கிவிடும். நீர் போகும், காற்று திரும்பி வராது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் குழாய்த் தொழிலாளர்கள் 'டிராப்' என்று சொல்வது இதைத்தான். தரையில் பதிக்கும் வகையை 'நஹானி டிராப்' என்பார்கள். அதில் நிற்கும் நீரின் உயரம் பெரும்பாலும் சுமார் 5 செ.மீ. தான். நம் சமையலறைக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் நடுவே காவல் நிற்பது அந்த 5 செ.மீ. நீர்.

அந்தக் காவல் நான்கு வழிகளில் தோற்கும். பல நாள் நீர் ஊற்றாவிட்டால் வளைவில் உள்ள நீர் ஆவியாகிவிடும். குழாய் நிறைய நீர் வேகமாக விழும்போது, பின்னால் வெற்றிடம் உண்டாகி வளைவின் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அடைத்துக்கொண்ட சாக்கடையில் காற்றழுத்தம் கூடினால், நீரைத் தள்ளிக்கொண்டு காற்று மேலே வரும். ஒரு கந்தல் துணியோ நூலோ வளைவில் சிக்கிக்கொண்டால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நீரை உறிஞ்சி மறுபுறம் சொட்டவிடும்.

இளவரசரின் காய்ச்சல்

1871ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து நாடே கவலையில் ஆழ்ந்தது. சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கி வைத்த அதே இளவரசர் எட்வர்டு டைபாய்டு காய்ச்சலால் சாகும் நிலைக்குச் சென்றார். ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கிவிட்டு வந்தவர் அவர். அங்கே உடன் தங்கிய செஸ்டர்ஃபீல்டு பிரபுவும், இளவரசரின் குதிரைக்காரர் ஒருவரும் இறந்தனர். இளவரசர் பிழைத்தார். ஆனால் அந்த மாளிகையின் சாக்கடைக் குழாய்கள் ஊர்ப் பேச்சாயின. மாளிகையிலேயே இந்தக் கதி என்றால் சாதாரண வீட்டின் நிலை என்ன? 'சாக்கடை வாயு' என்ற சொல் நடுத்தரக் குடும்பங்களை நடுங்க வைத்தது.

லீட்ஸ் நகரின் அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல், 1878ஆம் ஆண்டில் வீட்டுச் சுகாதாரக் குறைகளைப் படங்களாலேயே விளக்கும் ஒரு நூலை வெளியிட்டார். நேராகச் சாக்கடையில் இணைக்கப்பட்ட தொட்டிக் குழாய், தரைக்கடியில் இணைப்பு விட்டுப்போன மண் குழாய், எலி குடைந்த வழி என்று ஒவ்வொன்றையும் வரைந்து, கெட்ட காற்று வரும் வழியை அம்புக்குறியிட்டுக் காட்டினார். வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாமே சோதித்துக்கொள்ள அது வழிகாட்டியது.

பெப்பர்மின்ட் எண்ணெய்ச் சோதனை

மறைந்திருக்கும் ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? அக்காலச் சுகாதார ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். ஒருவர் கூரை மீது ஏறி, சாக்கடைக் குழாயின் மேல் முனையில் சிறிது பெப்பர்மின்ட் எண்ணெயை ஊற்றி, அதன் பின் கொதிக்கும் நீரை ஊற்றுவார். எண்ணெய் ஆவியாகிக் குழாய் முழுவதும் பரவும். மற்றொருவர் வீட்டுக்குள் அறை அறையாக மோந்துகொண்டே போவார். சமையலறையில் பெப்பர்மின்ட் மணந்தால், அங்கே குழாயில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எண்ணெயைத் தொட்டவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் நுழையவே கூடாது! அவர் கையிலும் உடையிலும் ஒட்டிய மணம் சோதனையையே கெடுத்துவிடும். தேடும் பொருளைத் தேடுபவரே சுமந்து வரக்கூடாது என்ற இந்த விதி, எந்த ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும். இன்னொரு முறையில், குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்த்தார்கள். புகைச் சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது.

சாக்கடைக் காற்றின் வியப்பு

சாக்கடை வாயு உண்மையில் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகிறதா? அச்சம் பெரிதாக இருந்ததே தவிர, அளந்து பார்த்தவர் சிலரே. டண்டீ நகரின் வேதியியல் பேராசிரியர் கார்னெல்லியும், இளம் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேனும் இதை ஆராய்ந்தனர். நாடாளுமன்றக் கட்டடத்தின் அடியில் ஓடும் சாக்கடையிலும் டண்டீ நகரச் சாக்கடைகளிலும் காற்றை எடுத்துச் சோதித்து, 1887ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். எல்லோரும் வியந்தார்கள். சாக்கடைக் காற்றில் இருந்த நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, வெளிக் காற்றில் இருந்ததைவிடக் குறைவு!

அப்படியானால் வளைகுழாய்க்காகச் செய்த செலவெல்லாம் வீணா? இல்லை. 1907ஆம் ஆண்டில் ஜிப்ரால்டரில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஹாராக்ஸ் ஓர் அழகிய சோதனையைச் செய்தார். சிவப்பு நிறத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவைச் சாக்கடை நீரில் கலந்து, மேலே உள்ள காற்றில் அதைத் தேடினார். அது கிடைத்தது. குமிழிகள் உடையும்போதும் நீர் தெறிக்கும்போதும் நுண்ணிய திவலைகள் காற்றில் ஏறுகின்றன. அவற்றோடு கிருமிகளும் ஏறுகின்றன. ஆகவே வாயு கிருமியைச் சுமப்பதில்லை, திவலை சுமக்கலாம்.

வாயுவும் முற்றிலும் குற்றமற்றது அன்று. அழுகிய முட்டை நாற்றம் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் இருக்கிறது. வீட்டுக்குள் கசியும் சிறு அளவை மூக்கு உடனே காட்டிக் கொடுத்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால், மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சாக்கடைக் குழிக்குள் இறங்கும் தொழிலாளர்களின் உயிரைக் குடிப்பவற்றுள் இதுவும் ஒன்று.

சாக்கடை இல்லாத நாற்றம்

குழாய்கள் சரியாக இருந்தும் சில சமையலறைகளில் ஓத வாடை அடிக்கிறது. இதன் காரணத்தை அறிய வேறொரு திசையில் செல்ல வேண்டும்.

லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், உடல் நலிந்த நிலையிலும் இரவு இரவாகத் தோட்டத்தில் அமர்ந்து பனித்துளியை ஆராய்ந்தார். எடை போட்ட கம்பளிப் பஞ்சுகளைப் பல இடங்களில் வைத்து, விடியலில் அவை எவ்வளவு நீரை ஏற்றன என்று மீண்டும் எடை போட்டார். பனி வானத்திலிருந்து பெய்வதில்லை, முதலில் பொருள் குளிர்கிறது, பிறகு அதைத் தொடும் காற்றின் நீராவி அதன்மேல் நீராகப் படிகிறது என்று 1814ஆம் ஆண்டில் விளக்கினார்.

சமையலறைச் சுவரிலும் நடப்பது இதுவே. அங்கே நீராவிக்குக் குறைவே இல்லை. சோற்றுப் பானை மட்டுமன்று, அடுப்புச் சுடரும் நீராவியை உண்டாக்குகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால், அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான நீர் உண்டாகிறது! சாளரம் மூடியிருந்தால் இந்த நீர் அலமாரியின் பின்புறச் சுவர் போன்ற குளிர்ந்த மூலையைத் தேடிச் சென்று படியும். அங்கே பூஞ்சணம் குடியேறும்.

ஈர மண்ணின் வாடையையும் வேதியியலார் துருவினார்கள். 1891ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலோ, அந்த மணம் மண்ணின் கனிமங்களுக்கு உரியதன்று, மண்ணிலுள்ள ஏதோ ஒரு கரிமப் பொருளுக்கு உரியது என்று கண்டார். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெர்பர், லெச்செவாலியே என்ற இருவர், மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்து அப்பொருளைப் பிரித்து 'ஜியோஸ்மின்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'மண் மணம்' என்று பொருள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் 10 கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு இதைக் கண்டுகொள்ளும். பூஞ்சணங்கள் இதைத் தவிரக் காளான் வாடை தரும் பொருள்களையும் வெளியிடுகின்றன. துவைத்த துணியில் அடிக்கும் ஈர நாற்றத்துக்கு, 'மொராக்ஸெல்லா' என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஓர் அமிலம் முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் காட்டினர்.

ஆகவே ஓத வாடை என்பது உயிர்களின் வாடை. நீர் இல்லாத இடத்தில் அவை வாழா. வாசனைத் திரவியம் அவற்றை ஒன்றும் செய்யாது. உலர்ந்த சுவர் செய்யும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா முதலிய மூச்சுக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் எச்சரித்தது.

மறந்த பாடம்

சாக்கடை வாயு அச்சம் பழங்கதை ஆகிவிட்டது என்று உலகம் எண்ணியிருந்தது. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹாங்காங்கில் 'அமாய் கார்டன்ஸ்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் திடீரெனப் பரவியது. 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள்கூட, மேலும் கீழுமாக அமைந்த வீடுகளில் நோயுற்றது எப்படி?

ஆய்வாளர்களின் பார்வை குளியலறைத் தரையில் இருந்த வடிகால் வளைகுழாய்கள் மீது விழுந்தது. குடியிருந்தோர் தரையை ஈரத் துணியால் துடைத்தார்களே தவிர, நீர் ஊற்றிக் கழுவுவதில்லை. ஆகவே பல வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டதும், கதவு மூடிய அறையின் அழுத்தம் குறைந்து, சாக்கடைக் குழாயிலிருந்து கிருமி கலந்த திவலைகள் உள்ளே இழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. அதன் பிறகு, வாரம் ஒரு முறை ஒவ்வொரு வடிகாலிலும் சுமார் அரை லிட்டர் நீர் ஊற்றும்படி ஹாங்காங் மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். கம்மிங்கின் வளைவு 228 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஒரு கவனிப்பைத்தான் கேட்டது.

நம் சமையலறையில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். மூக்கு ஒரே வாடையை விரைவில் பழகிவிடும். ஆகவே வெளியில் ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து மோந்து பாருங்கள். அல்லது வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கேளுங்கள். ஊதுபத்தியும் பினாயிலும் அன்று வேண்டாம். எண்ணெய் ஊற்றியவர் உள்ளே வரக்கூடாது என்ற விதி நினைவிருக்கட்டும்.

முதலில் எல்லா வடிகால்களிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். வாடை நின்றுவிட்டால், வற்றிய வளைவே காரணம். ஒன்றிரண்டு நாளில் திரும்பினால், தொட்டி காலியாகும் நேரத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'களக் களக்' என்ற ஒலி எழுந்தால் வளைவின் நீர் உறிஞ்சப்படுகிறது. குழாய்த் தொழிலாளியிடம் காற்றுக் குழாயைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, தொட்டியின் அடியில் பாருங்கள். குழாய் தரைக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா? இணைப்புகளை உலர்ந்த தாளால் ஒற்றி எடுங்கள்; கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டும். இடைவெளியைச் சிமெண்டால் அடைத்து, கசியும் இணைப்பில் புதிய வாஷரைப் போட்டால் போதும். வளைவில் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் அடைந்திருந்தால், அதைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

சுவரில் ஓதம் இருந்தால், அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் அளவு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறத்தில் நீர் பூத்தால், அது அறையின் நீராவி. சமைக்கும்போது சாளரத்தைத் திறந்து வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்துங்கள். உட்புறத்தில் நீர் இருந்தால், அது சுவரின் வழியே வருகிறது. மேலே குழாய்க் கசிவா, வெளியே மழை நீரா, கீழே தரை ஈரமா என்று தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் பெயிண்ட் அடிப்பது, நாடாளுமன்றத்தின் திரைச் சீலையைப் போன்றதே.

கடைசியாக, பிடிதுணியையும் பாத்திரம் தேய்க்கும் நாரையும் மோந்து பாருங்கள். பல வீடுகளில் தேடல் அங்கேயே முடிந்துவிடும். துணியைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துவதே அதற்கு மருந்து.

ஓர் எச்சரிக்கை. நாற்றம் போகவேண்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் எழும்.

நாற்றமே நோய் என்று நம்பியவர்கள் தவறு செய்தார்கள். நாற்றத்தால் நோயே இல்லை என்று எண்ணி வளைகுழாயை மறந்தவர்களும் தவறு செய்தார்கள். நாற்றம் ஒரு செய்தி. எங்கோ நீர் தேங்கியிருக்கிறது, அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நீர் இல்லை என்று அது சொல்கிறது. நாளைக் காலையில் உங்கள் சமையலறையில் அந்தச் செய்தி வந்தால், தீப்பெட்டியைத் தேடுவதற்கு முன் ஒரு குவளை நீரை எடுத்துக்கொள்ளுங்கள்.